குட்டி டிரக்குக்கு எத்தனை பல் பினியன்?

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலரை மணி இருக்கும். காட்பாடிப் பாலத்துக்குக் கீழே பாலாற்று மணலில், ரிமோட்டில் ஓடும் குட்டி டிரக் ஒன்றைச் சுற்றி அக்கா மகனும் நானும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தோம். "இன்னா மாமா, நல்லா ஓடிக்கினுதான் இருந்துச்சு, அப்டியே நின்னுடுச்சு" என்றான். வண்டிக்கு அடியிலிருந்து ஒரு வாசனை. உளுந்து அரைக்கும்போது மிக்ஸி புகைந்தால் வருமே, அதே வாசனை. மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பி, அதாவது காயில், கருகியிருந்தது.

தப்பு என்னுடையது. "15 பல் பினியனைக் கழற்றிவிட்டு 20 போடுடா, பறக்கும்" என்று முதல் நாள் சொன்னவன் நான்தான். பினியன் என்பது மோட்டாரின் சின்னப் பல்சக்கரம். பறக்கவும் செய்தது, ஏழெட்டு நிமிஷம். அந்த ஐந்து பல் என்ன செய்தது என்று அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ரிமோட் டிரக் புதிதாக வாங்கியவர்களுக்கு அந்தக் கணக்கைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும், பெருக்கலுக்குக் கைபேசி இருக்கிறது.

முதலில் வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். பேட்டரியிலிருந்து மின்சாரம் ஈ.எஸ்.சி. என்கிற பெட்டிக்குப் போகிறது. ரிமோட்டில் எவ்வளவு அழுத்துகிறோமோ அதற்கேற்ப மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடுவது அதன் வேலை. மோட்டார் தண்டின் நுனியில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் பினியன். அது பக்கத்திலிருக்கும் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். அதற்கு ஸ்பர் என்று பெயர், பெரும்பாலும் நைலான். ஸ்பருக்கு அப்பால் கியர் பெட்டி, இரண்டு பக்கச் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல், கடைசியில் சக்கரம். கியர் பெட்டிக்குள் இருப்பதை நாம் சாதாரணமாகத் தொடுவதில்லை. மாற்றுவது பினியனைத்தான், எப்போதாவது ஸ்பரை.

பைபாஸ் ஓரம் லாரிப் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் இதைக் காட்டினேன். வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கிரவுன் பினியன் கத தான் தம்பி இது" என்றார். லாரியின் பின் ஆக்ஸிலில் சின்னப் பினியன் பெரிய கிரவுன் சக்கரத்தைச் சுற்றுகிறது. லோடு ஏற்றும் வண்டிக்கு ஒரு விகிதம், சும்மா ஓடும் வண்டிக்கு வேறு விகிதம். அவருக்கு இதில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

லாரி பழக்கமில்லாதவர்கள் சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் மிதிக்கும் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 என்றால், ஒரு மிதிக்குப் பின் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று சுற்றும். முன் சக்கரத்தில் பல்லைக் கூட்டினால் வேகம் கூடும், முட்டிக்கு வலியும் கூடும். டிரக்கில் மிதிக்கும் கால் மோட்டார், முன் பல்சக்கரம் பினியன். பினியனில் பல் கூடினால் மேல்வேகம் ஏறும், மோட்டாருக்கு மூச்சு வாங்கும். பல் குறைந்தால் வேகம் இறங்கும், இழுவை ஏறும். ஸ்பருக்கு இது அப்படியே தலைகீழ். சைக்கிளில் மிதிக்கிற பல்சக்கரம் பெரியது, டிரக்கில் மோட்டார் சுற்றுகிற பினியன் சின்னது. அது ஏன் என்றால், நம் கால் நிமிஷத்துக்கு அறுபது எழுபது சுற்று, மோட்டார் இருபதாயிரம் சுற்று. அந்த வேகத்தைக் குறைத்து, அதைப் பலமாக மாற்றித்தான் சக்கரத்துக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சரி, கணக்கு. மருமகன் வண்டி 1/16 அளவு, அதாவது நிஜ வண்டியில் பதினாறில் ஒரு பங்கு. ஸ்பர் 60 பல், பினியன் 15. அறுபதைப் பதினைந்தால் வகுத்தால் 4. மோட்டார் நாலு சுற்று சுற்றினால் ஸ்பர் ஒரு சுற்று. கியர் பெட்டிக்குள் இன்னொரு 2.5 குறைப்பு இருக்கிறது, கூட வந்த கையேட்டில் போட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 10. மோட்டார் பத்துச் சுற்று, சக்கரம் ஒரு சுற்று. இதைக் கடைசி விகிதம் என்று வைத்துக்கொள்வோம். கையேடு தொலைந்துபோனால் கவலை வேண்டாம். சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, டிஃபரன்ஷியல் ஏமாற்றாமலிருக்க இரண்டு பக்கச் சக்கரங்களையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று திருப்பி, ஸ்பர் எத்தனை சுற்று போகிறது என்று எண்ணினால் உள் விகிதம் வந்துவிடும்.

மோட்டார் எத்தனை சுற்று சுற்றும்? பிரஷ்லெஸ் மோட்டாரின் (உரசி மின்சாரம் கொடுக்கும் பிரஷ் இல்லாதது) மேல் 3000 கேவி என்று எழுதியிருக்கும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கிற 11 கேவிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பயப்பட வேண்டாம். ஒரு வோல்ட் கொடுத்தால், சுமையில்லாமல், நிமிஷத்துக்கு 3000 சுற்று என்பதுதான் இதன் பொருள். இரண்டு செல் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி என்றால் 7.4 வோல்ட். பெருக்கினால் 22,200 சுற்று. பத்தால் வகுத்தால் சக்கரம் 2,220 சுற்று. டயரின் விட்டம் 85 மில்லிமீட்டர், அதன் சுற்றளவு 267 மில்லிமீட்டர். ஒரு நிமிஷத்துக்கு 593 மீட்டர், மணிக்கு 35.6 கிலோமீட்டர். இது காகித வேகம். காற்று, உராய்வு, பேட்டரி தளர்வது எல்லாம் போக, தரையில் இதைவிடக் குறைவாகத்தான் வரும்.

இப்போது 20 பல் பினியன். 60 வகுத்தல் 20, அது 3. உள் விகிதத்தோடு பெருக்கினால் 7.5. அதே கணக்கைப் போட்டால் மணிக்கு 47 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. ஐந்து பல்லில் பன்னிரண்டு கிலோமீட்டர் லாபம். இதைப் பார்த்துத்தான் நான் ஆசைப்பட்டேன்.

நான் பார்க்காமல் விட்டது இன்னொரு பக்கம். மணலில் சக்கரத்தைச் சுற்ற இவ்வளவு பலம் வேண்டும் என்று ஒரு அளவு இருக்கிறது. விகிதம் 10 ஆக இருந்தபோது மோட்டார் அதில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். 7.5 ஆனதும் ஏழரையில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும், அதாவது முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். மோட்டாரின் முறுக்குவிசை அது இழுக்கும் மின்னோட்டத்தைப் பொறுத்தது, ஆகவே மின்னோட்டமும் மூன்றில் ஒரு பங்கு கூடும். இதுவரை பரவாயில்லை. ஆனால் கம்பியில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவது. 1.33 ஐ அதாலேயே பெருக்கினால் கிட்டத்தட்ட 1.78 வரும். பல்லை மூன்றில் ஒரு பங்கு கூட்டினேன், காயிலில் சூடு முக்கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. மிக்ஸி வாசனை வந்தது அதனால்தான்.

அப்போது அந்த மணலில் வண்டி முழு வேகத்துக்கே போயிருக்காது. சுமை இழுத்துப் பிடித்து மோட்டாரின் சுற்று குறையக் குறைய, அது இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். பெரிய பினியன் போட்டும் வண்டி மெதுவாகத்தான் போகிறது, ஆனால் மோட்டார் கொதிக்கிறது என்றால், விகிதம் அந்தத் தரைக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவிலும் ஒருத்தர் டாப் கியரைவிட்டு இறங்காமல் ஏறப் பார்த்தால் எப்படி இருக்கும்? அதுதான்.

வெயிலும் ஒரு பல்தான்

அடுத்த விஷயத்தை ஊர்க்காரனாகச் சொல்கிறேன். இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிய அறிவுரையில் பெரும்பகுதி குளிர் தேசங்களில் ஓட்டுபவர்கள் சொன்னது. "இந்த மோட்டாருக்கு 17 பல், தாராளமாகப் போடலாம்" என்பார்கள். அவர்கள் ஊரில் காற்று 20, 25 டிகிரி. மோட்டார் காற்றைவிட எத்தனை டிகிரி மேலே போகிறது என்பதைத்தான் கியர் தீர்மானிக்கிறது. 25 டிகிரி ஊரில் ஓடி முடித்த மோட்டார் 65 டிகிரி காட்டினால், ஏற்றம் 40 டிகிரி. அதே வண்டி, அதே பினியன், அதே ஓட்டம். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் காற்றே 42 டிகிரி. கூட்டிப் பாருங்கள், 82.

மோட்டாரின் வெளிக்கூடு 80 டிகிரியைத் தாண்டுவது அபாயம் என்பது பொதுவாக எல்லோரும் வைத்திருக்கும் கோடு. உள்ளே காயிலில் இன்னும் அதிகமாக இருக்கும். பிரஷ்லெஸ் மோட்டாரில் சுற்றுவது நியோடிமியம் காந்தம். சாதாரண தரத்துக் காந்தம் 80 டிகிரிக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும், உயர்ந்த தரம் இன்னும் கொஞ்சம் தாங்கும். போன காந்தபலம் ஆறினாலும் முழுதாகத் திரும்பாது. பிரஷ் மோட்டார் என்றால் காயிலின் எனாமல் பூச்சும் பிரஷ்ஷும் முதலில் போகும்.

ஆகவே என் வழக்கம் இது: கையேட்டில் சொன்ன பினியனிலிருந்து ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு பல் குறைவு. மணலில் ஓட்டுவதாக இருந்தால் இன்னொரு பல்லும் குறைவு. மார்கழியில் வேண்டுமானால் பழையபடி ஏற்றிக்கொள்ளலாம். 15 பல்லில் ஒரு பல் என்பது ஏறக்குறைய 7 சதவீதம், சின்ன விஷயமில்லை. ஏற்றும்போதும் ஒரு தடவைக்கு ஒரு பல்தான்.

ஏற்றியபின் ஐந்து நிமிஷம் ஓட்டிவிட்டு நிறுத்தி, சூட்டை அளக்க வேண்டும். கொரோனா சமயத்தில் வாங்கி பீரோவில் கிடக்கும் நெற்றித் துப்பாக்கி இதற்கு உதவாது, அது மனுஷ காய்ச்சல் அளவோடு நின்றுவிடும். ஏ.சி. மெக்கானிக்குகள் வைத்திருக்கும் அகச்சிவப்பு வெப்பமானி வேண்டும், ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. பளபளப்பான உலோகத்தின் மேல் அதைக் காட்டினால் சூட்டைக் குறைத்துச் சொல்லும். மோட்டார் கூட்டின் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன்மேல் காட்டுங்கள். கருவி இல்லையென்றால் விரல். மூன்று விநாடி வைத்திருக்க முடியவில்லையென்றால் 60 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். நிறுத்தியபின் ஒரு நிமிஷம் கழித்தும் அளந்து பாருங்கள், உள்ளிருக்கும் சூடு வெளியே வந்து எண் இன்னும் ஏறும்.

பாலாற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீரில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள். 2021 நவம்பரில் கரைபுரண்டு வந்து அந்தக் கேலிக்கு ஆறு பதில் சொல்லிவிட்டது என்றாலும், வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். டிரக் ஓட்ட இதைவிட அழகான இடம் கிடையாது, டிரக்குக்கு இதைவிடக் கெட்ட இடமும் கிடையாது. மணல் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும், பல்லுக்கு நடுவில் புகுந்து அரைக்கும். திறந்திருக்கும் பினியன், ஸ்பருக்கு எண்ணெயோ கிரீஸோ போடவே போடாதீர்கள். எண்ணெயில் மணல் ஒட்டினால் அது உப்புத்தாள். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் தட்டிவிட்டால் போதும்.

பல்லின் அளவு

பினியன் வாங்கும்போது பல்லின் எண்ணிக்கையை மட்டும் சொல்லி வாங்கினால் ஏமாந்துபோவோம். பல்லின் பருமனும் ஒத்துப்போக வேண்டும். இதற்கு இரண்டு கணக்கு முறைகள் உண்டு. அங்குலக் கணக்கில் 48 பிட்ச், 32 பிட்ச். மெட்ரிக் கணக்கில் 0.5, 0.6, 0.8 மாட்யூல். பிட்ச் எண் பெரிதானால் பல் சிறிது, மாட்யூல் எண் பெரிதானால் பல் பெரிது. 25.4 ஐப் பிட்ச் எண்ணால் வகுத்தால் மாட்யூல் வரும். 48 பிட்ச் என்பது 0.53, 32 பிட்ச் என்பது 0.79. ஆகவே 32 பிட்ச்சும் 0.8 மாட்யூலும் கிட்டத்தட்ட உறவுக்காரர்கள், ஆனால் 48 பிட்ச்சுக்கும் 0.6க்கும் ஒட்டாது. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும். போட்டால் கொஞ்ச நேரம் ஓடவும் ஓடும், பிறகு ஸ்பரின் பல் சீவினது போல் ஆகிவிடும். அப்படி ஒரு ஸ்பரை நான் பலி கொடுத்திருக்கிறேன்.

பெயரில்லாத பினியன் ஒன்று டப்பாவில் கிடக்கிறது, எந்த அளவு என்று தெரியவில்லை. இதற்கு வெர்னியர் காலிப்பர் இருந்தால் போதும், எந்த லேத் பட்டறையிலும் ஒரு நிமிஷம் கொடுப்பார்கள். பல்லை எண்ணி, அதோடு இரண்டைக் கூட்டி, மாட்யூலால் பெருக்கினால் வெளிவிட்டம். 15 பல் என்றால் 17. அதை 0.53 ஆல் பெருக்கினால் 9 மில்லிமீட்டர், 0.6 ஆல் பெருக்கினால் 10.2. அளந்து பார்த்து எதற்குப் பக்கத்தில் வருகிறதோ அதுதான் அது. மோட்டார் தண்டின் தடிமனையும் அப்படியே அளந்துகொள்ளுங்கள். 540 வகை மோட்டாருக்கு 3.17 மில்லிமீட்டர், அதைவிடச் சின்ன மோட்டார்களுக்கு 2 அல்லது 2.3 என்று வரும். துளை ஒத்துவராத பினியனை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

மாட்டுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பினியனின் பக்கத்தில் ஒரு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத குட்டித் திருகு) இருக்கும், அது தண்டில் தட்டையாகச் சீவியிருக்கும் பகுதியின் மேல் உட்கார வேண்டும். திருகு கழன்றுவிடாமல் பிடிக்கும் திரெட் லாக்கர் பசை ஒரு சொட்டு, நீல நிறம். சிவப்பு போட்டுவிடாதீர்கள், பிறகு சூடுபண்ணித்தான் கழற்ற வேண்டும். அப்புறம் பினியனுக்கும் ஸ்பருக்கும் இடையிலுள்ள இடைவெளி. நோட்டுத் தாளில் ஒரு கீற்றைக் கிழித்து இரண்டு பல்லுக்கும் நடுவே விட்டு, மோட்டாரை ஸ்பர் பக்கம் தள்ளிப் பிடித்து, மோட்டார் திருகுகளை இறுக்கி, தாளைச் சுற்றி வெளியே எடுத்துவிடுங்கள். தாள் மடிப்பு மடிப்பாக, கிழியாமல் வந்தால் சரி. கிழிந்தால் இறுக்கம் அதிகம். ஸ்பர் கொஞ்சம் கோணலாக இருக்கக்கூடும், ஆகவே நாலு இடத்தில் திருப்பிப் பாருங்கள். ரொம்ப இறுக்கினால் மோட்டார் சூடாகும், ஊளையிடும். ரொம்பத் தளர்ந்தால் கடகடவென்று பல் தாண்டும். மாடித் தரையில் மெதுவாக ஓட்டிக் கேட்டால் காதே சொல்லிவிடும்.

பினியனைத் தொடாமலேயே கியரை மாற்றிவிடும் இரண்டு காரியங்கள் உண்டு. டயர் ஒன்று. 85 மில்லிமீட்டர் டயரைக் கழற்றி, பார்க்க ஜோராக இருக்கிறதென்று 100 மில்லிமீட்டர் மாட்டினால், அது பினியனில் இரண்டரைப் பல்லுக்கு மேல் கூட்டியதற்குச் சமம். பேட்டரி இன்னொன்று. இரண்டு செல்லுக்குப் பதில் மூன்று செல் என்றால் 11.1 வோல்ட், சுற்று ஒன்றரை மடங்கு. முன்பிருந்த வேகமே போதும் என்றால் 15 பல்லுக்குப் பதில் 10 போட வேண்டும். அதற்கு முன் ஈ.எஸ்.சி.யும் மோட்டாரும் மூன்று செல் தாங்குமா என்று அவற்றின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். தாங்காது என்று எழுதியிருந்தால் தாங்காது, அதில் அதிர்ஷ்டம் பார்க்க ஒன்றுமில்லை.

மற்ற அப்கிரேடு எல்லாம் சுருக்கமாக. முதல் செலவு பேரிங். விலை குறைந்த வண்டிகளில் பிளாஸ்டிக் புஷ் போட்டிருப்பார்கள், அதை எடுத்துவிட்டு பால் பேரிங் போட்டாலே வண்டி இலேசாக உருளும், மோட்டார் சூடும் இறங்கும். நம் மணலுக்கு ரப்பர் சீல் வைத்தது நல்லது. பிரஷ் மோட்டாரிலிருந்து பிரஷ்லெஸ் போவதாக இருந்தால் ஈ.எஸ்.சி.யும் சேர்த்து மாற்ற வேண்டும், பழையது அதை ஓட்டாது. எல்லாவற்றையும் இரும்பாக மாற்றும் ஆசை வரும். ஸ்பரை மட்டும் நைலானாகவே விட்டுவைக்கச் சொல்வேன். எங்கேயாவது முட்டினால் முதலில் போக ஒரு மலிவான பாகம் வேண்டும், வீட்டு ஃபியூஸ் மாதிரி. லிபோ பேட்டரியைப் பைக் பெட்டியில் வைத்து வெயிலில் நிறுத்தாதீர்கள். செல்லுக்கு 3.2 வோல்டுக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். ஒரு வாரம் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்டில் வைத்துவிடுங்கள். உப்பிப் போனதைச் சார்ஜ் போடவே கூடாது.

மருமகனுக்குப் புது மோட்டார் நான்தான் வாங்கிக் கொடுத்தேன், வேறு வழி? அதே 3000 கேவி. ஜூன் கடைசி வரை 13 பல்லில் மணலில் ஓட்டினான், டேப்பின் மேல் 74 டிகிரி காட்டியது. இப்போது மழை வந்து காற்று ஆறியிருக்கிறது, சத்துவாச்சாரியில் எங்கள் மாடியில் 15 போட்டு ஓட்டுகிறான். நேற்று, "மாமா, பதினாறு போட்டுப் பாக்கட்டா?" என்றான். வெப்பமானியை எடுத்து வரச் சொன்னேன்.